கல்பரின் மரணமும் மீட்பும்: 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி'யின் பத்தாவது எபிசோடில், 2018 ஜனவரி 7 அன்று வெளியானதில், விண்கப்பலின் மருத்துவர் ஹ்யூ கல்பர் கொல்லப்படுகிறார். கொல்பவன் அதே கப்பலின் பாதுகாப்பு அதிகாரி ஆஷ் டைலர். பரிசோதனைக்கு வந்தவனின் உடம்பில் பெரிய அறுவை சிகிச்சை ஒன்றின் தடயங்களைக் கல்பர் கண்டுபிடித்துவிடுகிறார். எதிரி இனத்தைச் சேர்ந்த ஒருவனை மனித உருவத்துக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியத் தொடங்குகிறது. இனி உன்னை வேலைக்கு அனுப்ப முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டைலர் அவர் கழுத்தை முறித்துவிடுகிறான். சில நொடிகளில் எல்லாம் முடிந்துபோகிறது.

கல்பர் சாதாரணத் துணைப்பாத்திரம் அல்ல. ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர்களில், ஒளிவுமறைவில்லாமல் ஒன்றாக வாழும் முதல் ஆண் ஜோடியில் ஒருவர் அவர். அவரும் அவருடைய துணைவர் பால் ஸ்டாமெட்ஸும் முத்தமிட்டுக்கொண்ட முதல் காட்சி வெளியானது 2017 நவம்பர் 12 அன்று. இடைவேளை முடிந்து வந்த அடுத்த எபிசோடிலேயே சாவு.

ஒரு கற்பனை மருத்துவரின் மரணம் ஏன் இத்தனை பேரைக் காயப்படுத்தியது, எடுத்தவர்கள் என்ன நினைத்து எடுத்தார்கள், பிறகு எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொன்றது தவறு. திரும்பக் கொண்டுவந்த விதம் நேர்மையானது, பல இடங்களில் மிக நல்ல எழுத்து. ஆனாலும் அந்த நல்ல எழுத்தைக் காட்டி முதல் தவறைக் கணக்கிலிருந்து கழித்துவிட முடியாது.

பழைய பாக்கி

இதைப் புரிந்துகொள்ள ஸ்டார் ட்ரெக்கின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டியாக வேண்டும். 1966இல் தொடங்கிய முதல் தொடரில், அமெரிக்கா அன்றைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கத் தயங்கியவர்களை எல்லாம் ஒரே கப்பலில் உட்காரவைத்தார் அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி. கறுப்பினப் பெண் அதிகாரி, ஜப்பானிய வம்சாவளி விமானி, பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு ரஷ்யர். 1968இல் வெள்ளையரான கேப்டன் கிர்க்கும் அந்தக் கறுப்பின அதிகாரி உஹூராவும் முத்தமிடும் காட்சியும் வந்தது.

அந்த விமானி சூலுவாக நடித்தவர் ஜார்ஜ் டகேய். அவர் தன்பாலீர்ப்பாளர். சிறுவயதில், இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம்களில் குடும்பத்தோடு இருந்தவர். தன்பாலீர்ப்பு பற்றியும் தொடரில் பேசலாமே என்று ராடன்பெர்ரியிடம் ஒருமுறை கேட்டதாக டகேய் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிர்க்-உஹூரா முத்தத்துக்கே எதிர்ப்பு வந்துவிட்டது, இதற்கு மேல் போனால் தொடரையே நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் கிடைத்த பதிலாம். டகேய் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னது 2005 அக்டோபரில். அப்போது அவருக்கு வயது 68. கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய தன்பால் திருமண மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிய கோபத்தில்தான் அவர் வாய் திறந்தார். அதற்கு முன் அத்தனை வருடமும், தெரிந்தால் வாய்ப்புப் போய்விடும் என்ற பயத்தோடே நடித்திருக்கிறார். பாகுபாடில்லாத எதிர்காலத்தைக் காட்டும் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் அந்தப் பயத்தோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

1986இல், அடுத்த தொடரான 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தயாராகிக்கொண்டிருந்தபோது, பாஸ்டனில் ரசிகர் கூட்டமொன்றில் இதே கேள்வி எழுந்தது. புதுத் தொடரில் தன்பாலீர்ப்பாளர்கள் இருப்பார்கள் என்று ராடன்பெர்ரி ஒப்புக்கொண்டார். அந்தச் சொல்லை நம்பி எழுத்தாளர் டேவிட் ஜெரோல்ட், 'பிளட் அண்ட் ஃபயர்' என்ற எபிசோடை எழுதினார். எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. ரத்தத்தைத் தாக்கும் தொற்று, கப்பலில் ஒரு ஆண் ஜோடி என்று போகும் கதை. அது படமாகவே இல்லை. ஜெரோல்டும் தொடரைவிட்டு விலகினார். இருபது வருடம் கழித்து ரசிகர்கள் சொந்தமாக எடுத்த இணையத் தொடர் ஒன்றில்தான் அந்தக் கதைக்கு உயிர் வந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சுற்றிவளைத்துப் பேசுவதுதான். 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1992இல் வந்த 'தி அவுட்காஸ்ட்' எபிசோடில், ஆண் பெண் என்ற பிரிவே இல்லாத ஒரு இனத்தைச் சேர்ந்த சோரன் மீது கப்பல் அதிகாரி ரைக்கர் காதல் கொள்கிறார். சோரன் தன்னைப் பெண்ணாக உணர்வது அந்தச் சமூகத்தில் குற்றம். பிடித்துக்கொண்டுபோய் மனதை மாற்றிவிடுகிறார்கள். உருவகம் யாருக்கும் புரியும். ஆனால் சோரனாக நடித்தது ஒரு நடிகை. பார்க்கிறவருக்கு அது வழக்கமான ஆண்-பெண் காதலாகத்தான் தெரியும். ரைக்கராக நடித்த ஜோனதன் ஃபிரேக்ஸே, இதற்கு இன்னும் துணிச்சல் வேண்டியிருந்தது, சோரன் ஆணாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் சொன்னார்.

1995 அக்டோபரில் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் 'ரீஜாய்ண்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஏவரி புரூக்ஸ் இயக்கியது. ட்ரில் இனத்தவர் தங்களுக்குள் ஒரு நீண்டநாள் உயிரியைச் சுமப்பவர்கள். முந்தைய பிறவி போன்ற ஒரு வாழ்க்கையில் கணவன் மனைவியாக இருந்த இருவர், இப்போது இரண்டு பெண்களாகச் சந்திக்கிறார்கள். அவர்கள் சேரக் கூடாது என்று ஒரு தடை. தடைக்குக் காரணம் பழைய வாழ்க்கை உறவைத் தொடரக் கூடாது என்பதுதான். இருவரும் பெண்கள் என்பதைக் கதைக்குள் ஒருவரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. முத்தமும் உண்டு. நேர்மையான எபிசோடு. ஆனால் ஒரே எபிசோடு. அடுத்த வாரம் எல்லாம் பழையபடி.

2016இல் வந்த திரைப்படத்தில் சூலுவுக்கு ஒரு கணவரும் மகளும் இருப்பதாகக் காட்டினார்கள். டகேயைக் கௌரவிக்கச் செய்தது. ராடன்பெர்ரி படைத்த சூலு அப்படிப்பட்டவர் இல்லை, புதிதாக ஒரு பாத்திரத்தை உருவாக்கியிருக்கலாம் என்று டகேயே வருத்தப்பட்டார். அந்தக் குடும்பக் காட்சியும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இருவரும் முத்தமிடுவதாக எடுத்த ஒரு துண்டு படத்தொகுப்பில் வெட்டப்பட்டுவிட்டதாக சூலுவாக நடித்த ஜான் சோ சொன்னார்.

ஆக, 2017 செப்டம்பரில் 'டிஸ்கவரி' தொடங்கும்போது ஐம்பது வருட பாக்கி ஒன்று இருந்தது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஃபுல்லருக்கு இது நன்றாகவே தெரியும். அவரும் தன்பாலீர்ப்பாளர். 'வாயேஜர்' தொடரில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதன் பாத்திரம் ஒன்று தன்பாலீர்ப்பாளராகப் போகிறது என்று வதந்தி கிளம்பி, வசைக் கடிதங்கள் வந்து குவிந்தனவாம். அவற்றை ஒரு கோப்பில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்ததாகவும், என்றாவது தன் கையில் ஒரு ஸ்டார் ட்ரெக் தொடர் கிடைத்தால் இதைச் செய்தே தீருவது என்று முடிவெடுத்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். 2016 இறுதியில் ஃபுல்லர் தொடரிலிருந்து விலகிவிட்டார். அவர் போட்ட விதை மட்டும் நின்றது.

இரண்டு நடிகர்கள்

ஸ்டாமெட்ஸாக ஆண்டனி ராப், கல்பராக வில்சன் குரூஸ். இருவருமே வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர்கள். இருவருக்கும் இருபது வருடப் பழக்கம்: 'ரென்ட்' என்ற பிராட்வே இசை நாடகத்தின் 1996 முதல் குழுவில் ராப் இருந்தார், அதே நாடகத்தில் பிறகு குரூஸ் நடித்தார். திரையில் இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தெரியும் சகஜம் வெறும் நடிப்புப் பயிற்சியில் வருவதல்ல.

குரூஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1994இல் ஏபிசி தொலைக்காட்சியில் 'மை ஸோ-கால்டு லைஃப்' என்ற தொடர் வந்தது. மொத்தமே 19 எபிசோடுகள். அதில் ரிக்கி என்ற பள்ளி மாணவனாக நடித்தபோது குரூஸுக்கு வயது இருபதை ஒட்டி இருக்கும். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி ஒன்றில், வெளிப்படையான தன்பாலீர்ப்பாள நடிகர் ஒருவர் தன்பாலீர்ப்பாளச் சிறுவனாகத் தொடர் முழுக்க வந்தது அதற்கு முன் கேள்விப்படாதது. கதையில் ரிக்கியை வீட்டைவிட்டுத் துரத்துவார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் தெருவில் நிற்பான். குரூஸின் சொந்த வாழ்க்கையிலும் அதுதான் நடந்திருந்தது. தன்னைப் பற்றிச் சொன்னதும் அப்பா வீட்டைவிட்டு வெளியேற்ற, சில மாதங்கள் காரிலேயே தங்கியிருக்கிறார். அந்தத் தொடரைப் பார்த்த பிறகுதான் அப்பா மறுபடி பேசினார் என்று அவர் சொல்லியிருக்கிறார். பின்னாளில், ஊடகங்களில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று கவனிக்கும் 'கிளாட்' அமைப்பிலும் வேலை பார்த்தார்.

அப்படிப்பட்ட ஒருவர் விண்கப்பலில் மருத்துவர் சீருடையில் வந்து நின்றபோது, தொண்ணூறுகளில் ரிக்கியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்! தெருவில் நின்ற அந்தப் பையன் பிழைத்துவிட்டான், படித்துவிட்டான், அவனை நேசிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்றுதான் பலர் அதைப் பார்த்தார்கள். பாத்திரங்கள் வேறுதான். ஆனால் நடிகரின் முகம் ஒன்று, அதில் இருக்கும் வரலாறும் ஒன்று. அந்த வரலாற்றின் பலனைத் தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் எடுத்துக்கொண்டார்கள். அப்படியென்றால் அதோடு வரும் பொறுப்பும் அவர்களுடையதுதானே?

கண்ணாடி முன் இருவர்

இந்த ஜோடியை அறிமுகப்படுத்திய விதத்தை இன்றும் பாராட்டுவேன். முதல் சில எபிசோடுகளில் ஸ்டாமெட்ஸ் சிடுமூஞ்சி விஞ்ஞானி. பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் பூஞ்சை வலையைப் பிடித்துக்கொண்டு கப்பலைத் தாவச்செய்யும் இயந்திரம் அவருடையது. (பால் ஸ்டாமெட்ஸ் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு அமெரிக்கப் பூஞ்சை ஆய்வாளர் இருக்கிறார், பாத்திரத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.) கல்பர் கப்பலின் மருத்துவர்களில் ஒருவர். இருவரும் வேலை நேரத்தில் சண்டை போடுகிறார்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

ஐந்தாவது எபிசோடின் கடைசியில், இரவு உடையில் இருவரும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பல் துலக்குகிறார்கள். அன்று ஸ்டாமெட்ஸ் தன் உடம்பிலேயே வேற்றுக்கிரக உயிரியின் மரபணுவை ஏற்றிக்கொண்டு, உயிரைப் பணயம் வைத்துக் கப்பலைக் காப்பாற்றியிருக்கிறார். கல்பருக்குக் கோபம், அதற்கும் மேல் பயம். அதைக் குரலை உயர்த்தாமல் கேட்கிறார். வாயில் பிரஷ். இவர்கள் யார், எத்தனை நாளாகச் சேர்ந்து இருக்கிறார்கள் என்று எந்த வசனமும் விளக்கவில்லை. ஒரே அறையில் வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள் எப்படி ஒருவர் முழங்கை மற்றவர் மேல் இடிக்காமல் கண்ணாடி முன் நிற்பார்களோ, அப்படி நிற்கிறார்கள். காட்சி முடியும்போது ஸ்டாமெட்ஸ் நகர்ந்துவிட, கண்ணாடியில் அவர் பிம்பம் மட்டும் நகராமல் பார்த்துக்கொண்டே நிற்கிறது. கதை அடுத்து எங்கே போகப்போகிறது என்பதற்கான குறிப்பு அது. அன்பும் அறிவியல் புனைவும் ஒரே சட்டகத்துக்குள் வேலை செய்கின்றன.

ஏழாவது எபிசோடில், நேரம் திரும்பத் திரும்பச் சுழலும் ஒரு நாளில், தானும் கல்பரும் சந்தித்த கதையை ஸ்டாமெட்ஸ் தொடரின் நாயகி பர்னமிடம் சொல்கிறார். ஆல்ஃபா சென்டாரியில் ஒரு காப்பிக்கடை. பக்கத்தில் ஒருவர் ஓபரா ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருக்க, எரிச்சலில் ஸ்டாமெட்ஸ், நிறுத்து, இல்லையென்றால் எழுந்து போ என்கிறார். அவர் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாவது எபிசோடில், 133 தாவல்களை முடித்துக் களைத்துப்போன ஸ்டாமெட்ஸ், இன்னும் ஒரே ஒரு தாவல், அதோடு முடிந்தது என்கிறார். இருவரும் 'லா போயெம்' ஓபராவுக்குப் போவது பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ராபும் குரூஸும் நடித்த 'ரென்ட்' நாடகத்துக்கு மூலக்கதையே அந்த ஓபராதான். தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அங்கேதான் அந்த முத்தம்.

அடுத்த தாவல் பிசகுகிறது. ஸ்டாமெட்ஸ் நினைவிழக்கிறார். அவர் சுயநினைவில்லாமல் கிடக்கும் அதே மருத்துவக் கூடத்தில்தான் கல்பர் கொல்லப்படுகிறார்.

ஏன் கொன்றார்கள்

கதைக்கட்டமைப்பு என்ற கோணத்தில் பார்த்தால் காரணம் உடனே தெரியும். டைலர் உண்மையில் வோக் என்ற க்ளிங்கான், அதாவது அந்த எதிரி இனத்தவன், என்பதுதான் முதல் சீசனின் பெரிய ரகசியம். அதைக் காக்க, வோக்காக நடிப்பது வேறொரு நடிகர் என்று போலிப் பெயரைப் பெயர்ப்பட்டியலில் போடும் அளவுக்குப் போனார்கள். ரகசியத்தைக் கதைக்குள் யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். உடம்பைப் பரிசோதிப்பவர் மருத்துவர். கண்டுபிடித்தவரைக் கொன்றால் ரகசியமும் காக்கப்படும், ஆபத்தும் புரியும். கூடவே, நினைவற்றுக் கிடக்கும் ஸ்டாமெட்ஸுக்கும் ஒரு பெரிய இழப்பு. திருப்பம் எழுதுகிறவர் கண்ணுக்கு இது ஒரே கல்லில் பல மாங்காய்.

அதில்தான் சிக்கல். கல்பரின் சாவு அவருடைய கதைக்காக நடக்கவில்லை. டைலரின் திருப்பத்துக்கும் ஸ்டாமெட்ஸின் துக்கத்துக்கும் பயன்பட்டது. தொலைக்காட்சியில் தன்பாலீர்ப்பாளப் பாத்திரங்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்: மகிழ்ச்சி கைக்கு எட்டிய அடுத்த நொடி, வேறொருவரின் கதையைத் தள்ளிவிடுவதற்காக.

அறிவியல் புனைவுத் தொடர்களிலேயே உதாரணங்கள் உண்டு. 'டாக்டர் ஹூ'விலிருந்து கிளைத்த 'டார்ச்வுட்'டில் கேப்டன் ஜாக்கின் காதலன் யான்டோ ஜோன்ஸ் 2009இல் இறந்தார். கார்டிஃப் துறைமுகத்தில், கதையில் அவர்கள் அலுவலகம் இருந்ததாகக் காட்டிய இடத்துச் சுவரில், ரசிகர்கள் படங்களும் கடிதங்களும் பூக்களும் வைத்து நினைவிடமாகவே ஆக்கிவிட்டார்கள். கற்பனை மனிதனுக்கு நிஜ நினைவிடம்.

ஆறாத காயம் 'தி 100' தொடரின் லெக்ஸாவுடையது. 2016 மார்ச் 3. பல வாரக் காத்திருப்புக்குப் பிறகு லெக்ஸா, கிளார்க் என்ற இரு பெண்களும் சேர்கிறார்கள். சற்று நேரத்திலேயே, வேறொருவருக்குக் குறிவைத்த குண்டு லெக்ஸா மேல் பாய்கிறது. அந்த நடிகை வேறு தொடருக்குப் போகவேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த உறவை நம்பிப் பாருங்கள் என்று தயாரிப்புத் தரப்பே இளம் ரசிகைகளை ஊக்குவித்துவந்ததும் உண்மை. கோபம் வெடித்தது. தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் பால்புதுமை இளைஞர்களுக்கு உதவும் 'ட்ரெவர் ப்ராஜெக்ட்' அமைப்புக்கு ரசிகர்கள் நிதி திரட்டினார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். எழுத்தாளர்கள் சிலர், இனி இப்படி எழுதமாட்டோம் என்று ஒரு உறுதிமொழியே தயாரித்தார்கள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம்கூட ஆகாதபோதுதான் கல்பர் கழுத்து முறிந்தது. அதுவும் ஒன்றும் தெரியாதவர்கள் கையால் அல்ல. அப்போது தொடரின் தலைமை எழுத்தாளர்களில் ஒருவரான ஆரன் ஹார்பர்ட்ஸ் தன்பாலீர்ப்பாளர். நடிகர்கள் இருவரும் அப்படியே. அந்த எபிசோடை இயக்கியவர் ஜோனதன் ஃபிரேக்ஸ், 'தி அவுட்காஸ்ட்'டில் துணிச்சல் போதவில்லை என்று வருந்திய அதே ஃபிரேக்ஸ். இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். எழுதும் அறையில் நம்மவர்கள் இருந்தால் தவறு நடக்காது என்று நினைக்கிறோம். தெரிந்தவர்கள் கையிலும் அதே பழைய வடிவம் வந்து விழுகிறது, ஏனென்றால் திருப்பத்துக்கு வசதியான வடிவம் அது. அறையில் அவர்கள் இருந்ததன் பலன் அடுத்த கட்டத்தில்தான் தெரிந்தது.

திரைக்கு வெளியே ஒரு வாக்குறுதி

எபிசோடு வெளியான அன்றே தயாரிப்புக் குழு பேசத் தொடங்கிவிட்டது. குரூஸும் ராபும் ஹார்பர்ட்ஸும் தனித்தனியாகவும் சேர்ந்தும் பேட்டி கொடுத்தார்கள். இது முடிவல்ல, இந்தக் காதல் கதை இன்னும் இருக்கிறது, பொறுங்கள் என்பதுதான் சாரம். 'கிளாட்' அமைப்புடன் முன்கூட்டியே பேசியிருந்தார்கள். ஸ்டார் ட்ரெக் உலகில் மரணம் எப்போதும் முற்றுப்புள்ளி அல்ல என்று அந்த அமைப்பும் அறிக்கை விட்டது.

நல்ல எண்ணத்தில் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றத் தொடர்கள் ரசிகர் அழுத பிறகு சமாளித்தன. இவர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ஆனால் பேட்டியைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? வீட்டில் யாருக்கும் தெரியாமல், ஒலியைக் குறைத்துவைத்துப் பார்க்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குத் திரையில் தெரிந்தது மட்டும்தான் கதை. அந்தப் பிள்ளை பார்த்தது தன்னைப் போன்ற ஒருவரின் கழுத்து முறிவதை. அடுத்த எபிசோடில், ஸ்டாமெட்ஸ் தன் துணைவரின் உடலை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை. நம்பிக்கைக்கான குறிப்பைக் கதைக்குள்ளேயே அன்றே வைத்திருக்கலாம். வைத்தால் அதிர்ச்சி குறைந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். அதிர்ச்சியா பார்வையாளரா என்ற இடத்தில் அதிர்ச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். என் குற்றச்சாட்டின் மையம் இதுதான்.

பன்னிரண்டாவது எபிசோடில் ஒரு ஆறுதல் வந்தது. பூஞ்சை வலைக்குள் சிக்கிய ஸ்டாமெட்ஸின் நினைவில் கல்பர் வருகிறார். மறுபடி அவர்கள் அறை, மறுபடி பல் துலக்கல். தான் இறந்துவிட்டதைக் கல்பரே சொல்கிறார். உன்னை எழுப்பத்தான் வந்தேன் என்கிறார். விடைபெறும் முத்தம். ராப் அந்தக் காட்சியில் முகத்தை அதிகம் அசைப்பதே இல்லை. நமக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே சீசனின் முடிவில் வரும் இன்னொரு காட்சியை மன்னிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மனித மனம் திரும்பிய டைலர் உணவுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்க, கப்பல் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் அவனோடு உட்கார்கிறார்கள். மன்னிப்பைப் பற்றிய அழகான காட்சியாம். ஸ்டாமெட்ஸுக்குக் கிடைத்ததோ நடைபாதையில் டைலரோடு ஒரு சிறு உரையாடல். கொன்றவனுக்கு ஊரே ஆறுதல் சொல்லும்போது, துணையை இழந்தவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட நாம் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர்

இந்தியாவில் இந்தத் தொடரை நெட்ஃபிளிக்ஸில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு சீசன்களுக்கும் நடுவே ஒரு பெரிய நாள் வந்தது: 2018 செப்டம்பர் 6, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கிய நாள். முதல் சீசனில் ஸ்டாமெட்ஸும் கல்பரும் நம் வீட்டுத் திரைக்கு வந்தபோது, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் குற்றம். இரண்டாவது சீசன் வந்தபோது இல்லை.

அந்த இரண்டாவது சீசன் 2019 ஜனவரியில் தொடங்கியது. அதற்குள் தலைமை எழுத்தாளர்கள் மாறி, அலெக்ஸ் கர்ட்ஸ்மன் பொறுப்பேற்றிருந்தார். ஸ்டாமெட்ஸ் கப்பலைவிட்டே போக முடிவெடுத்திருக்கிறார். எங்கே திரும்பினாலும் ஹ்யூ தெரிகிறார் என்பதுதான் காரணம்.

பிப்ரவரி 14 அன்று வந்த ஐந்தாவது எபிசோடில், பூஞ்சை வலைக்குள் இறங்கியவர்கள் கல்பரை உயிரோடு கண்டுபிடிக்கிறார்கள். அந்த உலகத்து உயிர்கள் தன்னைத் தின்றுவிடாமல் இருக்க, நஞ்சுள்ள மரப்பட்டையை உடம்பில் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் பதுங்கியிருக்கிறார். அந்த உயிர்களுக்கோ அவர்தான் அரக்கன். கட்டிப்பிடிக்க வரும் ஸ்டாமெட்ஸையே முதலில் நம்ப மறுத்துத் தாக்குகிறார். அந்த உடம்போடு நம் உலகத்துக்கு வர முடியாது என்பதால், இங்கே புதிய உடம்பு உருவாகி வருகிறார்.

இங்கேயே சுபம் போட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். எழுத்தாளர்கள் அப்படிச் செய்யவில்லை. வந்தவர் பழைய கல்பராக இல்லை. முன்பு இருந்த ஒரு தழும்பு புது உடம்பில் காணோம். ஆசையாகச் சாப்பிட்ட உணவு பிடிக்கவில்லை. ஸ்டாமெட்ஸ் எல்லாவற்றையும் விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்க்கிறார். அவருடைய அந்த உற்சாகமே கல்பருக்கு மூச்சுமுட்டுகிறது. தன்னைக் கொன்றவன் அதே கப்பலில் நடமாடுகிறான். எட்டாவது எபிசோடில் உணவுக்கூடத்தில் டைலர் மேல் பாய்ந்து அடிக்கிறார். கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரியான சாரு தடுக்காமல் நிற்கிறார். முதல் சீசனில் டைலரோடு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த கூடம்தான் இதுவும். அன்று கிடைக்காத கோபம் இன்று கிடைத்தது. பிறகு ஸ்டாமெட்ஸிடம், நீ காதலித்தவன் நான் இல்லை என்று சொல்லிப் பிரிகிறார்.

பால்புதுமையினரின் கதையில் இப்படி ஒரு பிரிவைக் காட்டத் தைரியம் வேண்டும். ரசிகர்கள் கேட்டது சேர்க்கை. கிடைத்தது, சாவிலிருந்து வந்தவனுக்கு என்னவெல்லாம் போயிருக்கும் என்ற கேள்வி. குரூஸ் இதில்தான் கல்பரை முழு மனிதனாக்கினார். முதல் சீசனில் அன்பான மருத்துவர், அன்பான துணை, அவ்வளவுதான் அவருக்கு வேலை. இரண்டாவதில் அவருக்குக் கோபம் வந்தது, சுயநலம் வந்தது, தனக்கென ஒரு கதை வந்தது.

அவரைத் திரும்ப வரவைத்ததில் பெரிய பங்கு பொறியாளர் ஜெட் ரீனோவுக்கு. நடித்தவர் டிக் நொடாரோ, அவரும் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர். ரீனோ தன் மனைவியைப் போரில் இழந்தவர். உனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை, அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அவருக்கே உரிய வெடுக்கென்ற பேச்சில் சொல்கிறார். பக்கம் பக்கமாக வசனம் இல்லை. மனைவி என்ற சொல்லுக்கு யாரும் புருவத்தை உயர்த்தவும் இல்லை. ஒரு தன்பாலீர்ப்பாளரின் பிரச்சினைக்கு இன்னொரு தன்பாலீர்ப்பாளர் வழி சொல்லும் காட்சி ஸ்டார் ட்ரெக்கில் அதற்கு முன் எங்கே இருந்தது? சீசனின் கடைசியில் போரில் காயம்பட்டுக் கிடக்கும் ஸ்டாமெட்ஸிடம் கல்பர் வந்து சேர்கிறார்.

பிறகு

2020இல் மூன்றாவது சீசன் கப்பலைத் தொலைதூர எதிர்காலத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அடீரா என்ற இளம் மேதை வருகிறார். ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர், நடித்த ப்ளூ டெல் பாரியோவும் அப்படியே. அடீராவின் காதலர் கிரேயாக நடித்த இயன் அலெக்சாண்டர் திருநம்பி. இந்த இருவருக்கும் ஸ்டாமெட்ஸும் கல்பரும் ஏறக்குறைய பெற்றோராகிவிடுகிறார்கள். இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'பிகார்ட்'டின் முதல் சீசன் முடிவில், 'வாயேஜர்' தொடரில் வந்த செவனும் ராஃபி என்ற பெண்ணும் கைகோத்ததும் அதே 2020இல்தான். ஃபுல்லர் கோப்பில் சேர்த்துவைத்த வசைக் கடிதங்கள் செவன் பற்றிய வதந்திக்காகத்தான் வந்தவை.

பிந்தைய சீசன்களில் இந்த ஜோடிக்குக் கதையில் இடம் குறைந்துபோனது என்பது என் ஆதங்கம். நான்காவதில் கல்பர் எல்லோருக்கும் மனநல ஆலோசகராகி, மற்றவர் துக்கத்தைக் கேட்பதிலேயே நேரம் போகிறது. ஆனாலும் 2024 மே 30 அன்று தொடர் நிறைவடையும்போது இருவரும் உயிரோடு, சேர்ந்தே இருந்தார்கள்.

இன்று ஐந்து சீசன்களையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவர், கல்பரின் சாவிலிருந்து மீட்புக்குச் சில நாட்களில் போய்விடலாம். அவருக்கு இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு மிகையாகத் தோன்றலாம். வெளியான காலத்தில் பார்த்தவர்களுக்கு அந்த இடைவெளி 13 மாதம். அந்த 13 மாதமும் அவர்களிடம் இருந்தது சில பேட்டிகளும் ஓர் அறிக்கையும் பன்னிரண்டாவது எபிசோடில் விடைபெற்றுப்போன ஒரு நினைவும்தான்.